கற்சிலைமடுக் கல்லும் வன்னியின் வரலாற்று மேடைகளும்

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு கல்லை நாட்டிவிட்டுப் போனார்கள். 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தது இந்தப் பக்கத்தில்தான் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல். வென்றவர்கள் தங்கள் வெற்றிக்கு வைத்த அடையாளம். வன்னிச் சனமோ அதைத் தோற்றவனுடைய நினைவுக்கல்லாக ஆக்கிக்கொண்டது. அதற்கு மாலை போட்டார்கள், விளக்கேற்றினார்கள், பந்தல் கட்டி ஒலிபெருக்கியில் பேசினார்கள். வொன் டிறிபேர்க்கின் பெயர் இன்று யாருடைய வாயிலாவது வருகிறதென்றால் அதுவும் அந்தக் கூட்டங்களின் புண்ணியம்தான்.

வன்னியின் வரலாறு ஏட்டில் இருந்ததைவிட மேடையில் இருந்ததுதான் அதிகம். எழுதப்பட்டவற்றில் முக்கியமானவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1793இல் ஒல்லாந்த அதிகாரி நாகல் எழுதிய அறிக்கை. நூறு வருடம் கழித்து, 1895இல், ஆங்கிலேய சிவில் அதிகாரி ஜே.பி. லூயிஸ் தொகுத்த வன்னி மாவட்டங்களின் கைந்நூல். 1960இல் சி.எஸ். நவரத்தினம் வன்னியையும் வன்னியரையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல். 1970இல் பேராசிரியர் சி. பத்மநாதனின் 'வன்னியர்'. 1993இல் பூநகரியின் தொல்பொருள் பற்றிப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் வெளியிட்ட ஆய்வு. வேறும் இருக்கின்றன. ஆனால் முள்ளியவளையிலோ உருத்திரபுரத்திலோ இருக்கும் ஒருவர் தன் மண்ணின் பழைய கதையை இவற்றைப் படித்து அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நினைவு தினத்தில் கேட்டிருப்பார். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் அதிபர் சொல்லக் கேட்டிருப்பார். நூல் வெளியீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பேராசிரியர் பேசக் கேட்டிருப்பார்.

பேராசிரியர் யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டியிருப்பதற்கும் காரணம் உண்டு. 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம் ஆகியவையே பீடங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நடத்துவது விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம். வயலுக்கும் வேலைக்கும் வேண்டியது வந்துவிட்டது. வரலாறு இன்னும் ஏ-9 வீதியால் பஸ்ஸில் வந்து மாலையில் திரும்பிப் போகிறது.

மேடைக்கு முன்பு கூத்துக்களரி இருந்தது. முல்லைத்தீவுப் பக்கம் வற்றாப்பளைக் கண்ணகையம்மன் வழிபாட்டை ஒட்டிக் கோவலன் கூத்து ஆடினார்கள். வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை, ஆண்களால் முடியாத கொம்பன் யானையைப் பிடித்துக் கட்டியதையும், பொறாமை கொண்டவர்கள் அவளுக்கு நஞ்சு கொடுத்ததையும், கணவன் அழுத ஒப்பாரியையும் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். இதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. வன்னியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்தது யானை. அந்த யானையைப் பிடித்துக் கொடுத்தவர்கள் பணிக்கர்கள். திறை நிலுவை ஏற ஏறப் பகை முற்றி, 1782இல் நாகல் படையோடு வந்து வன்னியரின் அதிகாரத்தை உடைத்தார். அந்தத் திறையின் பாரம் எந்த வீட்டு முற்றத்தில் போய் இறங்கியது என்பதை ஒல்லாந்த அறிக்கையில் தேடினால் கிடைக்காது. அரியாத்தையின் ஒப்பாரியில் கிடைக்கும்.

இனி 1803. இந்த வருடத்தைத்தான் வன்னி மேடைகள் ஓயாமல் பேசிவந்திருக்கின்றன; பேசத் தகுந்த வருடமும்கூட. 1795-96இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பறித்த ஆங்கிலேயர், 1803 பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தார்கள். யூன் மாதம் அங்கே இருந்த மேஜர் டேவியின் படை சரணடைந்து அழிந்தது. அந்தச் செய்தி நாடெங்கும் பரவியதும் ஆங்கிலேயரின் முகாம்கள் ஒவ்வொன்றாகத் தாக்கப்பட்டன. அந்த அலையில்தான், ஓகஸ்ட் 25ஆம் திகதி, பண்டாரவன்னியன் கண்டிப் படையினரின் துணையோடு முல்லைத்தீவைத் தாக்கினான். காவலில் நின்ற வொன் டிறிபேர்க் தன் ஆட்களோடு படகேறி யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கோட்டையும் பீரங்கிகளும் பண்டாரவன்னியன் கையில் விழுந்தன. இரண்டு மாதம் கழித்து யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் ஆங்கிலேயப் படை கிளம்பியது. ஓடிப்போன அதே வொன் டிறிபேர்க், ஒக்டோபர் கடைசி நாளில் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் ஆட்களை எதிர்பாராமல் வளைத்துக்கொண்டார். கல் சொல்வது இந்த நாளை.

மேடை சொல்லும் கதை இதைவிடப் பெரியது. அதில் வன்னியன் ஒரே வீச்சில் அறுபது வெள்ளையரைச் சாய்ப்பான். குருவிச்சி நாச்சியார் அவனைக் காதலிப்பாள். காக்கை வன்னியன் காட்டிக்கொடுப்பான். முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி வே. சுப்பிரமணியம் 1960களில் எழுதிய 'பண்டாரவன்னியன்' நாடகம் பல ஊர்களில் மேடையேறி இந்தக் கதையைப் பரப்பியதில் பெரும் பங்கு வகித்தது. 1959இல் சிவாஜி கணேசன் கட்டபொம்மனாக வந்து கர்ச்சித்ததைக் கண்ட தலைமுறை அது. தங்கள் மண்ணிலும் அப்படி ஒருவன் இருந்தான் என்று அறிந்தபோது அவர்களுக்கு ஏற்பட்ட பெருமிதம் விளங்கக்கூடியதே. பின்னாளில் மு. கருணாநிதியே 'பாயும்புலி பண்டாரக வன்னியன்' என்று நாவல் எழுதினார். கற்சிலைமடு தமிழ்நாட்டு வாசகருக்கும் தெரிந்த ஊரானது.

ஆனால் காக்கை வன்னியன் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். யாழ்ப்பாண வைபவமாலை என்ற நூல் 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதியது. அதிலே சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் காட்டிக்கொடுப்பவனுடைய பெயரும் காக்கை வன்னியன்தான். சங்கிலி வீழ்ந்தது 1619இல். பண்டாரவன்னியனுக்கும் அவனுக்கும் இடையே ஏறக்குறைய இருநூறு வருடம். ஒரே பெயரில் இரண்டு துரோகிகள் இருந்திருக்கலாம்தான். ஆனால் தோல்விக்கு ஒரு துரோகி வேண்டும் என்ற கட்டாயம் மேடைக்கு உண்டு. பழைய கதையில் கைவசம் இருந்தவனைப் புதிய கதைக்கு அழைத்துவந்திருக்கவும் கூடும். மூன்று திசையிலிருந்து படை வந்தது, கண்டியின் உதவி அந்த நேரம் போதவில்லை, எதிரி அதிகாலையில் வந்தான் என்பதெல்லாம் தோல்விக்குப் போதிய காரணங்கள். கைதட்டு வாங்குபவன் என்னவோ காக்கை வன்னியன்தான்.

திகதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வவுனியாவில் ஓகஸ்ட் 25ஆம் திகதி சிலைக்கு மாலை போட்டு நினைவு தினம் கொண்டாடுகிறார்கள். அது முல்லைத்தீவை வென்ற நாள். கற்சிலைமடுவில் ஒக்டோபர் 31. அது தோற்ற நாள். இரண்டில் எதுவுமே அவன் இறந்த நாளாகத் தெரியவில்லை. 1803க்குப் பிறகும் சில வருடங்கள் அவன் பனங்காமப் பக்கத்துக் காடுகளில் நடமாடி ஆங்கிலேயருக்குத் தலையிடி கொடுத்ததாகவே அவர்களுடைய பதிவுகள் காட்டுகின்றன. அந்தப் பதிவுகளைத் தேடி எடுத்து லூயிஸ் தன் நூலில் சேர்த்தார். களத்தில் வீழ்ந்த வீரனைவிட, தோற்ற பிறகும் பல வருடம் காட்டில் ஒளிந்து, சோறு கொடுக்கும் ஊர்களை நம்பி வாழ்ந்த தலைவன் வரலாற்றுக்குச் சுவையானவன். அவனுக்கு யார் சோறு கொடுத்தார்கள்? எந்த ஊர் கதவைச் சாத்தியது? இந்தக் கேள்விகளை எழுப்பும் பேச்சு நினைவு தினப் பந்தல்களில் அபூர்வம்.

அந்த வீரனை அரசாங்கமும் சும்மா விடவில்லை. ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் ஆட்சியில், 1982இல், பண்டாரவன்னியன் தேசிய வீரனாக அறிவிக்கப்பட்டான்; வவுனியாக் கச்சேரிப் பக்கம் சிலையும் எழுந்தது. கண்டியோடு கைகோத்து வெள்ளையனை எதிர்த்தவன் என்பதால் கொழும்புக்கு அவன் ஒற்றுமையின் சின்னம். அடிபணியாத தமிழன் என்பதால் வன்னி இளைஞருக்கு அவன் வேறொரு சின்னம். ஒரே மனிதனைப் பற்றி இரண்டு மேடைகளில் இரண்டு பேச்சு. இரண்டுக்கும் 1803இல் ஆதாரம் உண்டு என்பதுதான் வேடிக்கை. அடுத்த வருடம் யூலைக் கலவரத்தில் அந்த ஒற்றுமைப் பேச்சு என்னவானது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. போர் முடிந்த மறுவருடம், 2010இல், கற்சிலைமடுக் கல் உடைக்கப்பட்டது. ஆங்கிலேயர் தங்கள் வெற்றிக்கு வைத்த கல்லை உடைத்தவர்கள், யாருடைய நினைவை உடைப்பதாக எண்ணினார்கள் என்பது தெளிவு. நினைவு தினம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

வன்னி மேடையின் உண்மையான குறை மிகைப்படுத்தல் அல்ல, அது 1803இலிருந்து நேரே 1983க்குத் தாவுவதுதான். இடையில் 180 வருடம். இன்றைய வன்னி உருவானதே அந்த இடைவெளியில்.

லூயிஸ் கண்ட வன்னி வீரர்களின் பூமியாக இருக்கவில்லை. குளக்கட்டுகள் உடைந்து, காடு வயலை விழுங்கி, ஊர்கள் ஆளற்றுப் போய்க்கொண்டிருந்தன. காய்ச்சலும் பறங்கி நோயும் சனத்தைத் தின்றன. 1860களிலும் 1880களிலும் அரசாங்க வைத்தியர்கள் இதைப் பற்றித் தனி அறிக்கைகளே எழுதினார்கள். 1905இல் யாழ்ப்பாணப் புகையிரதம் வவுனியா வழியாக ஓடத் தொடங்கியது. 1902இல் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் கட்டு வேலை தொடங்கி, 1920 அளவில் முடிந்தது. கிளிநொச்சி என்ற பட்டணம் அந்தத் தண்ணீரின் பிள்ளை.

அதற்குப் பிறகு வந்தார்கள் குடியேற்றவாசிகள். 1930கள் தொடக்கம் 1950கள் வரை, காணி போதாத யாழ்ப்பாணக் குடும்பங்கள் உருத்திரபுரம், கனகபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் என்று இறங்கின. பெர்மிட் காணி, வாய்க்கால் தண்ணீர், இரவில் யானை, வருடம் தவறாமல் காய்ச்சல். 1934-35 மலேரியாக் கொள்ளை நோய் நாட்டையே உலுக்கியது. 1940களின் நடுவில் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் காட்டோரத்தில் பிள்ளை குட்டியோடு துணிந்து படுக்க முடிந்தது. 1960களில் படித்த வாலிபர் திட்டம் வந்தது. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் வேலை கிடைக்காத படித்த பொடியள் மண்வெட்டி எடுத்தார்கள். 1970க்குப் பின் சிறிமாவோ அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் செத்தல் மிளகாய் விலை ஏறியது. அந்த வருமானத்தில் கல்வீடு கட்டியவர்களும் உழவு இயந்திரம் வாங்கியவர்களும் உண்டு. 1977இல் புதிய அரசு இறக்குமதியைத் திறந்துவிட, அந்தக் காலம் முடிந்தது. வன்னியின் நவீன வரலாற்றை மிளகாய் விலையை வைத்தே ஒரு மாலைப் பொழுது முழுக்கப் பேசலாம். யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

அதே 1977 இன்னொரு கூட்டத்தையும் கொண்டுவந்து சேர்த்தது. கலவரத்தில் அடிபட்ட மலையகத் தமிழர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து இறங்கினார்கள். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு வவுனியாவை மையமாகக் கொண்டு அவர்களைக் குடியமர்த்தியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். தப்பிய டேவிட் நெடுங்காலம் இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பி, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் என்று கிளிநொச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் மலையகத்தார் பெருமளவில் வாழ்கிறார்கள். பண்டாரவன்னியன் விழாவில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருக்கும் அவர்களுக்கு மேடையிலிருந்து சொல்லப்படும் 'எங்கள் மூதாதையர்' கதையில் இடம் எங்கே? அவர்களுடைய மூதாதையர் 1803இல் தமிழ்நாட்டு இராமநாதபுரச் சீமையிலோ புதுக்கோட்டையிலோ இருந்திருப்பார்கள். ஊரில் பலருக்குக் காணி உறுதி இழுபறிப்படுவதற்கும், அவர்கள் கதை மேடையேறாததற்கும் தொடர்பில்லை என்று நினைப்பதற்கில்லை.

இன்னும் சொல்லப்படாதவர்களும் இருக்கிறார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்கள் தலைமுறைகளாக முல்லைத்தீவின் ஆட்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்களும் கையில் அகப்பட்டதோடு போனார்கள். மணலாற்றுப் பக்கத்தில் 1984 தொடக்கம் தமிழ்க் கிராமங்கள் காலியானதைச் சொல்லும் பேச்சாளர், நீராவிப்பிட்டி காலியானதையும் அதே மூச்சில் சொன்னால் அவரை வரலாற்றாசிரியர் என்று கூப்பிடலாம். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குபவருக்கு வேறு பெயர் இருக்கிறது.

1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணமே வன்னிக்குள் வந்தது. கிளிநொச்சி 1996இல் ஒரு பக்கம், 1998இல் மறுபக்கம், 2009 ஜனவரி 2இல் மீண்டும் இராணுவத்திடம் என்று கைமாறியது. 2004 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துக்கொண்டு போனது. 2009 மே முடிய, ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் செட்டிகுளத்து மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் முள்வேலிக்குள் இருந்தார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம் எல்லாம் வழியில் போயின. வன்னியில் இன்று மிஞ்சியிருக்கும் ஆவணங்களில் பெரும்பகுதி மனிதர்களின் ஞாபகம்.

போர் முடிந்ததும் முதலில் பேசியவை அரசின் கொங்கிரீட் சின்னங்கள். கிளிநொச்சி நடுவில் வெடித்த கனச்சதுரமும் அதில் தைத்த ரவையும் மேலே தாமரையும். புதுக்குடியிருப்பில் துப்பாக்கி உயர்த்திய படைவீரன். கற்சிலைமடுக் கல்லைப் போல இவையும் வென்றவர்கள் வைத்தவை. வித்தியாசம், இவற்றைத் தங்களுடையதாக்கிக்கொள்ள ஊரார் யாரும் முன்வரவில்லை.

பிறகு சனம் பேசியது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அமர்ந்தபோது, அம்மாமார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாய்வுச் செயலணி வந்தபோதும் நின்றார்கள். பதில் கிடைக்காமல் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்தார்கள். இவர்கள் யாரும் வரலாற்றாசிரியர் இல்லை. ஆனால் திகதி, இடம், நேரம், அன்று பிள்ளை போட்டிருந்த சட்டையின் நிறம் வரை சொன்னார்கள். நினைவு தினப் பேச்சாளர்களிடம் காணக் கிடைக்காத துல்லியம் அது.

அந்தப் பேச்சைச் சேகரிக்கவும் சிலர் முயன்றார்கள். 2012-13 காலத்தில் வடக்கிலும் தெற்கிலும் தாய்மாரின் கதைகளை அவர்களுடைய கையெழுத்திலும் குரலிலும் வரைபடத்திலும் திரட்டிய 'ஹேர்ஸ்ரோரிஸ்' முயற்சி முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பெண்களிடமும் போனது. சேர்ந்தவை கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வைக்கப்பட்டன. இங்கிலாந்தில் 1960களின் பிற்பகுதியில் ரஸ்கின் கல்லூரியில் ரஃபேல் சாமுவேல் தொடங்கிய வரலாற்றுப் பட்டறையும் இதே நம்பிக்கையில் எழுந்ததுதான். சுரங்கத்திலும் றெயில்வேயிலும் வேலை செய்தவர்களே அங்கே எழுந்து தங்கள் தொழிலின் வரலாற்றைப் பேசினார்கள். பேராசிரியர்கள் கீழே உட்கார்ந்து கேட்டார்கள். வன்னிக்கு அந்த ஏற்பாடு அதிகம் பொருந்தும். இரணைமடு வாய்க்காலில் எந்த வருடம் எந்தத் துருசு உடைந்தது என்று பேராசிரியருக்குத் தெரிய வழியில்லை. முறைத்தண்ணி பாய்ச்சியவருக்குத் தெரியும்.

பேராசிரியர் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். காக்கை வன்னியன் எந்த நூற்றாண்டு ஆள் என்று கேட்கவும், 60 வெள்ளையர் கணக்கைச் சரிபார்க்கவும், நாகலின் அறிக்கையை எடுத்துவந்து காட்டவும் அவர் வேண்டும். ஊரார் சொல்வதிலும் பிழை இருக்கும். அதையும் காகிதத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு தரப்பும் ஒரே மேடையில் இருந்தால்தான் ஒன்றை மற்றது திருத்தும்.

இதில் அவசரமும் உண்டு. 1953இல் இருபது வயதில் வட்டக்கச்சிக்குக் காடு வெட்ட வந்தவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. 1977இல் கைக்குழந்தையோடு வவுனியாவில் வந்து இறங்கிய தாய்க்கு எழுபது. வரும் ஓகஸ்டில் பண்டாரவன்னியனுக்குப் பந்தல் போடும் சனசமூக நிலையங்களும் பாடசாலைகளும் பேச்சாளர் பட்டியலில் அப்படி ஒருவருடைய பெயரை முதலாவதாக எழுதட்டும். பக்கத்தில் ஒரு மாணவர் கைபேசியில் ஒலிப்பதிவு செய்யட்டும். பெயர், ஊர், திகதி மூன்றையும் மறக்காமல் குறித்து, பதிவின் ஒரு பிரதியை ஊர் வாசிகசாலையில் வைக்கட்டும்.